அனர்த்த மீட்பு அணிகளும் அரச நிதியும்: ஓர் ஒப்பியல் நோக்கு

அனர்த்தம் ஒன்று நிகழ்ந்தவுடன் அரசு ஆற்றும் பணிகளை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று மீட்பு, மற்றையது நிவாரணம். மண்ணிலும் இடிபாட்டிலும் வெள்ளத்திலும் அகப்பட்டோரை உயிருடன் வெளிக்கொணர்வது மீட்பு. உயிர் தப்பியோருக்கு உணவு, உடை, உறைவிடம், நட்டஈடு என்பனவற்றை வழங்குவது நிவாரணம். நிவாரணத்திற்கு வாரங்களும் மாதங்களும் உள. மீட்புக்கு மணித்தியாலங்களே உள. எனினும் நமது பத்திரிகைகளிலும் பாராளுமன்ற விவாதங்களிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டு வருகின்றன. நிவாரணமாக எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்ற வினா எப்பொழுதும் எழுகிறது. மீட்பு அணி எங்கே இருந்தது, அது எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தது, அவ்வணியினர்க்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்தவர் யார் என்ற வினாக்களோ அரிதாகவே எழுகின்றன.

இவ்வினாக்கள் நிர்வாகத் துறையினர்க்கு மட்டும் உரியன எனக் கருதுதல் பொருந்தாது. ஓர் அரசு எவர் உயிரை விரைந்து காக்கத்தக்கதாகக் கருதுகிறது என்பதை அதன் அரசியல் யாப்பின் முகவுரையிலும் பார்க்க அதன் வரவு செலவுத் திட்டத்தின் சிறிய உபதலைப்புகளே தெளிவாகக் காட்டும். ஆகவே அமெரிக்க ஐக்கிய நாடுகள், யப்பான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் பிராந்திய மீட்பு அணிகள் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன, அவற்றுக்கான நிதி எவ்வழியில் வருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்கி, அவற்றின் ஒளியில் இலங்கையின் நிலைமையை நோக்க முற்படுகிறோம்.

1. நேரமும் தூரமும்

மீட்புப் பணியின் அடிப்படை உண்மை ஒன்று உண்டு. இடிபாட்டில் அகப்பட்டோருள் உயிருடன் மீட்கப்படுவோரிற் பெரும்பாலோர் முதல் நாளிலேயே மீட்கப்படுகின்றனர். அவர்களை மீட்போரிற் பெரும்பாலோர் அயலவர்களே. 1995 ஜனவரி 17 ஆம் திகதி யப்பானின் கோபே நகரப் பகுதியைத் தாக்கிய பூமியதிர்ச்சி 6,434 பேரைப் பலிகொண்டது. அங்கு இடிபாடுகளிலிருந்து பிறரால் மீட்கப்பட வேண்டியிருந்தோர் ஏறத்தாழ 35,000 பேர் என்றும், அவர்களுள் நான்கில் மூன்று பங்கினரை அயலவர்களே மீட்டனர் என்றும் ஒரு மதிப்பீடு கூறும். தீயணைப்புப் படை, பொலிஸ், தற்காப்புப் படை ஆகிய மூன்றும் சேர்ந்து மீட்டது எஞ்சிய பங்கினையே. யப்பான் போன்று வளமும் ஒழுங்கமைப்பும் மிக்க ஒரு நாட்டின் நிலை இது.

இதன் மறுபக்கத்தை 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி காட்டிற்று. உலகின் பல நாடுகளிலிருந்தும் மீட்பு அணிகள் விமானமேறிச் சென்றன. பெருந்தொகையான பணம் செலவாயிற்று. இலட்சக்கணக்கானோர் மடிந்த அந்த அனர்த்தத்தில் வெளிநாட்டு அணிகள் அனைத்தும் சேர்ந்து உயிருடன் மீட்டவர்கள் ஏறத்தாழ 130 பேரே. அவ்வணிகளின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று, தூரமே காரணம்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் பெறும் முடிவு வெளிப்படையானது. அயலவரின் வெறுங்கைக்கும் தொலைவிலிருந்து வரும் தேசிய அல்லது சர்வதேச அணிக்கும் இடையே ஓர் இடைவெளி உளது. அயலவர் பலகையையும் ஓட்டையும் அகற்றுவர். கொங்கிறீற்றுத் தட்டை அகற்ற அவர்களால் இயலாது. அதனை அகற்றவல்ல கருவியும் பயிற்சியும் உடையோர் வந்து சேரும்போதோ காலம் கடந்திருக்கும். இவ்விடைவெளியை நிரப்பவல்லது சில மணித்தியாலத் தூரத்திலே நிலைகொண்டுள்ள பிராந்திய அணியே.

2. மீட்பு அணி என்பது யாது?

மீட்பு அணி எனும்போது துணிவுள்ள இளைஞர் சிலரின் கூட்டத்தை நாம் கருதுவதில்லை. முறையாக அமைந்த அணியில் ஐந்து பகுதிகள் இருக்கும். முதலாவது தேடுவோர். பயிற்றப்பட்ட நாய்களும், இடிபாட்டினுள்ளிருந்து எழும் மெல்லிய ஒலியையும் அசைவையும் உணரும் கருவிகளும் இவர்களிடம் இருக்கும். இரண்டாவது உடைத்தும் தாங்குகொடுத்தும் வழிசெய்வோர். மூன்றாவது மருத்துவர். நான்காவது கட்டட அமைப்பை ஆராயும் பொறியியலாளர். ஐந்தாவது உணவு, எரிபொருள், தொடர்பு, போக்குவரத்து என்பனவற்றைக் கவனிப்போர். இவ்வைந்தனுள் ஒன்று குறையினும் ஏனையவற்றின் பயன் பெரிதும் குன்றும்.

மருத்துவர் ஏன் இடிபாட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். பல மணித்தியாலங்களாகத் தூணொன்றின் கீழ் கால் நசுங்கிக் கிடந்த ஒருவர் மீதிருந்து பாரத்தை அகற்றியதும், சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தத்திற் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் நகரக் குண்டுவீச்சினால் இடிபாட்டில் அகப்பட்டோரிடையே இந்நிலைமை மருத்துவர்களால் விரிவாக ஆராயப்பட்டது. பாரத்தை அகற்றுமுன்னரே நாளத்தின் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்காவிடின், பேசிக்கொண்டிருந்தவர் மீட்கப்பட்ட சிறிது நேரத்தில் இறந்துபடலாம். அன்பும் துணிவும் மட்டும் உடையோர் அறியாது செய்யக்கூடிய தீங்கு இது.

இத்தகைய அணிக்கு வேண்டிய செலவு நால்வகைப்படும்: அணியினரின் சம்பளம், பயிற்சி, கருவிகளின் கொள்வனவும் பராமரிப்பும், களத்திற்குச் சென்று திரும்பும் செலவு. இவற்றுள் நான்காவது செலவுக்கே அரசுகள் தயங்காது பணம் தருகின்றன. அப்போது செய்தியாளரும் அமைச்சரும் களத்தில் நிற்பர். முதல் மூன்றும் எவர் கண்ணிலும் படாத செலவுகள். அனர்த்தம் நிகழாத ஆண்டில் அவை வீண் செலவெனத் தோன்றும். பழைய கணக்காய்வு முறை, ஆண்டு முழுவதும் பயன்படுத்தப்படாத கருவியை விரயம் என்றே பதியும். மீட்பு அணியின் நிதிப் பிரச்சினை யாவும் இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது.

3. உள்ளூர்ப் படைக்கு மத்திய அரசின் பணம்: அமெரிக்கா, யப்பான்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1989 ஆம் ஆண்டு மத்திய அவசரகால முகாமை நிறுவனத்தின் கீழ் நகர்ப்புறத் தேடல் மீட்பு முறைமை அமைக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டின் மெக்சிக்கோ நகரப் பூமியதிர்ச்சியும் 1988 ஆம் ஆண்டின் ஆர்மீனியப் பூமியதிர்ச்சியும் இத்தகைய அணிகளின் தேவையை உலகுக்கு உணர்த்தியிருந்த காலம் அது. இன்று அம்முறைமையில் 28 அணிகள் உள்ளன. அவற்றுள் 8 கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளன. முழு அளவிலான அணியொன்று ஏறத்தாழ 70 பேரைக் கொண்டு களத்திற்குச் செல்லும். அழைப்புக் கிடைத்து ஆறு மணித்தியாலங்களுள் புறப்படவும், முதல் மூன்று நாட்களுக்குப் பிறர் உதவியின்றி இயங்கவும் வல்லதாயிருக்க வேண்டும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்வணியினர் மத்திய அரசின் ஊழியர் அல்லர் என்பதே. பெரும்பாலும் உள்ளூர்த் தீயணைப்புத் திணைக்களங்களே அணிகளை நடத்துகின்றன. அன்றாடம் தீயணைப்பவரே அனர்த்த நாளில் மீட்பணியினராகின்றார். மத்திய அரசு ஒப்பந்தத்தின் மூலம் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் ஆண்டுதோறும் மானியம் வழங்குகிறது. தானே அணியை அழைக்கும்போது செலவை ஈடுசெய்கிறது. இதனால் அணி எப்பொழுதும் தொழிலிலேயே இருக்கிறது. அதன் கைத்திறன் மங்குவதில்லை. ஆயின், ஆயத்த நிலையைப் பேணுவதற்கான முழுச் செலவுக்கும் மானியம் போதாமையால் எஞ்சிய பாரத்தை நகராட்சிகளும் மாவட்டங்களும் சுமக்க வேண்டியுள்ளது. செல்வமுள்ள நகரங்கள் அதனைச் சுமக்கும். ஏனையவை அணியை வைத்திருக்க முன்வரா.

இம்முறைமையில் நெடுங்காலம் நிலவிய மற்றொரு குறை, அணியினரின் சட்ட நிலை பற்றியது. மத்திய அரசின் அழைப்பில் வேறொரு மாநிலத்திற் பணிபுரியும் உள்ளூர் ஊழியர் காயமுற்றால் நட்டஈடு யாருடைய பொறுப்பு, பணி முடிந்து மீளும்போது அவரது வேலைக்கு உத்தரவாதம் யாது என்பன தெளிவின்றி இருந்தன. 1995 இல் ஒக்லஹோமா நகரிலும் 2001 இல் நியூயோர்க்கிலும் இவ்வணிகள் பெரும்பணி ஆற்றியிருந்தும், இவ்விடயங்களைச் சட்டமாக வரையறுத்தது 2016 ஆம் ஆண்டிலேயே. வீரர் எனப் போற்றுதல் எளிது. அவரது காயத்திற்குப் பொறுப்பேற்கக் கால் நூற்றாண்டு சென்றது.

யப்பானிலும் தீயணைப்புச் சேவை நகராட்சிகளுக்கே உரியது. கோபே அனர்த்தத்தின்போது பிற நகரங்களிலிருந்து தீயணைப்பு அணிகள் உதவிக்கு வந்தன. ஆயின் அவற்றை ஒருங்கிணைப்பதற்கான ஏற்பாடு முன்கூட்டியே இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அவசரத் தீயணைப்பு உதவிப் படை உருவாக்கப்பட்டது. இது புதிதாகத் திரட்டிய படையன்று; நாடெங்குமுள்ள நகராட்சி அணிகளை முன்கூட்டியே பதிவுசெய்து, எவ்விடத்து அனர்த்தத்திற்கு எவ்வணி முதலிற் செல்லும் என வகுத்த ஏற்பாடேயாகும். 2003 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இரு முக்கிய மாற்றங்களைக் கொணர்ந்தது. பேரனர்த்தத்தின்போது அணிகளைச் செல்லுமாறு பணிக்கும் அதிகாரம் மத்திய தீயணைப்பு முகவரகத்தின் தலைவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாறு பணித்தால் அதனால் ஏற்படும் செலவை மத்திய அரசு ஏற்கவேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. கருவிகளுக்கான செலவில் அரைப்பங்கை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. 2011 மார்ச்சில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியையும் ஆழிப்பேரலையையும் அடுத்து இவ்வதிகாரம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 88 நாட்களில் ஏறத்தாழ 30,000 தீயணைப்பாளர் களப்பணி ஆற்றினர்.

கட்டளையிடுபவரே பணமும் கொடுக்கவேண்டும் என்ற இவ்விதி எளிமையானது. ஆயினும் அது இல்லாத இடங்களில் நிகழ்வது யாது என்பதை அடுத்து நோக்குவோம்.

4. இந்தியாவின் அனுபவம்

1999 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஒடிசாக் கரையைத் தாக்கிய பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். வீழ்ந்த மரங்களால் வீதிகள் மூடுண்டன. நாட்கணக்கில் கிராமங்களை எவராலும் அணுக முடியவில்லை. இவ்வனுபவத்தின் பின்னர், 2001 இல் அம்மாநில அரசு ஒடிசா அனர்த்த விரைவு நடவடிக்கைப் படையை நிறுவியது. மாநில ஆயுதப் பொலிஸ் பட்டாலியன்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டோர் அதில் அமர்த்தப்பட்டனர். ஆதலால் அவர்களின் சம்பளம் வழமையான பொலிஸ் செலவினத்தின் பகுதியாகவே அமைந்தது. அணிகள் தலைநகரிற் குவிக்கப்படாது மாவட்டங்களிற் பரவலாக நிலைநிறுத்தப்பட்டன. மரம் அறுக்கும் பொறிகளும் படகுகளும் மின்பிறப்பாக்கிகளும் அவற்றுக்கு வழங்கப்பட்டன. 2013 ஒக்டோபரில் பைலின் சூறாவளி அதே கரையைத் தாக்கியபோது ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். இறந்தோர் தொகை ஐம்பதுக்கும் குறைவாகவே இருந்தது. இவ்வெற்றி மீட்புப் படைக்கு மட்டும் உரியதன்று. எச்சரிக்கை, புகலிடக் கட்டடங்கள், கிராமத் தொண்டர்கள், நிர்வாகம் ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்கியதன் பயன் அது. ஆனால் அவ்வியக்கத்தில் நிலையான படையொன்று இருந்தமை முக்கிய கூறாகும்.

இந்திய மத்திய அரசு 2005 டிசெம்பரில் அனர்த்த முகாமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் 2006 இல் எட்டுப் பட்டாலியன்களுடன் தேசிய அனர்த்த மீட்புப் படை உருவாயிற்று. எல்லைக் காவல் முதலிய மத்திய துணைப் படைகளிலிருந்து இதற்கு ஆட்கள் பெறப்பட்டனர். தொடக்கத்தில் இப்படையினர் சட்டம் ஒழுங்குப் பணிகளுக்கும் அனுப்பப்பட்டமையால், மீட்புக்கென அவர்கள் பெற்ற பயிற்சி பயனற்றுப் போகும் நிலை இருந்தது. 2008 இல் வகுக்கப்பட்ட விதிகளின் பின்னரே அது மீட்புக்கு மட்டும் உரிய படையாயிற்று. இன்று 16 பட்டாலியன்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பொறியியலாளர், தொழினுட்பவியலாளர், மருத்துவ உதவியாளர், நாய்ப்பிரிவு ஆகியவற்றைக் கொண்ட 18 அணிகள் உண்டு. தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் நான்காவது பட்டாலியன் நிலைகொண்டுள்ளது. மழைக்காலத்துக்கு முன்னரே அணிகளை ஆபத்துள்ள பிரதேசங்களில் நிறுத்திவைக்கும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது.

மாநிலப் படைகளின் நிலை வேறு. 2005 ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் படைக்கு வெளிப்படையாக இடமளித்தது. மாநிலங்கள் தத்தம் படைகளை அமைப்பது பற்றி அது கூறவில்லை. 2009 ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை மாநிலங்களை ஊக்குவித்ததாயினும், அமைப்பதும் அமைக்காது விடுவதும் மாநிலத்தின் விருப்பத்திலும் பணத்திலும் தங்கியிருந்தன. 2025 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே மாநில மீட்புப் படைகளுக்குச் சட்ட அடிப்படையை வழங்கியது.

நிதியோ மற்றொரு வழியிற் சென்றது. ஒவ்வொரு மாநிலத்திலும் அனர்த்தத் துலங்கல் நிதியம் ஒன்று உண்டு. பொது மாநிலங்களில் அதற்கு நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசும் 25 பங்கை மாநிலமும் இடுகின்றன; வடகிழக்கு மற்றும் இமாலய மாநிலங்களில் 90 க்கு 10 என்ற விகிதம் பின்பற்றப்படுகிறது. பதினைந்தாவது நிதி ஆணைக்குழு 2021 முதல் 2026 வரையான காலத்திற்கு மாநிலங்களுக்கென 1,60,153 கோடி ரூபாயைச் சிபாரிசு செய்து, அதனை வகுத்தும் காட்டிற்று: உடனடித் துலங்கலுக்கும் நிவாரணத்துக்கும் 40, மீள்கட்டமைப்புக்கு 30, ஆயத்தத்துக்கும் ஆற்றல் வளர்ப்புக்கும் 10, தணிப்புக்கு 20 என்பன நூற்றுவீதங்களாகும். ஆயத்தத்திற்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்பட்டமை முற்போக்கான மாற்றமே. எனினும் நூற்றில் பத்துப் பங்கே அதற்குக் கிடைத்தது என்பதும் நோக்கற்பாலது.

பணம் பற்றிய இவ்வமைப்பின் முரண்பாடு கேரளத்தில் வெளிப்பட்டது. 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தின்போது ஆயிரக்கணக்கான மீனவர்கள் தமது வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, பல்லாயிரம் மக்களை மீட்டனர். அவர்கள் எந்த மீட்புப் படையிலும் பதிவுபெற்றவர் அல்லர். சாதியாலும் வருமானத்தாலும் அதுவரை ஓரத்தே வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிற்பிரிவினரே அன்று மாநிலத்தின் மிகப் பெரிய மீட்புப் படையாயினர். வள்ளமொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் வழங்கப்படும் என மாநில அரசு அறிவித்தது; அது பின்னர் செய்யப்பட்ட ஏற்பாடாகும்.

2024 ஜூலை 30 ஆம் திகதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைப் பெரும் நிலச்சரிவு மூடியது. மாண்டோரில் தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களும் அடங்கும். பாலம் அடித்துச் செல்லப்பட்டமையால் கனரக இயந்திரங்கள் அக்கரைக்குச் செல்ல இயலவில்லை. இராணுவப் பொறியியற் படையினர் 190 அடி நீளமான இரும்புப் பாலத்தை இரு நாட்களுள் அமைத்தனர். இராணுவத்தின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்று. ஆயின் அதே ஆண்டின் இறுதியில், பல ஆண்டுகால அனர்த்தங்களின்போது விமானங்கள் ஆற்றிய மீட்புப் பணிக்கென 132.62 கோடி ரூபாயைச் செலுத்துமாறு மத்திய அரசு மாநிலத்தைக் கேட்டது. வயநாட்டுப் பணிக்கான தொகையும் அதனுள் அடங்கியிருந்தது. பழைய ஆண்டுகளின் பற்றுச்சீட்டுகளை இவ்வேளையில் முன்வைப்பது ஏன் எனக் கேரள உயர் நீதிமன்றம் வினவியது. உதவி கேட்கும்போதே பிற்காலக் கடனையும் எண்ணிப் பார்க்கவேண்டிய மாநிலம், உதவி கேட்கத் தயங்கும். அத்தயக்கத்தின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விலை உண்டு. யப்பானிய விதியின் பெறுமதி இங்கேதான் புலனாகின்றது.

5. இலங்கை நிலைமை

1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னரே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரவையும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும், மாவட்ட மட்ட ஒருங்கிணைப்பு அலகுகளும் அமைந்தன. ஆயின் நிலையத்தின் பணி பிரதானமாகத் திட்டமிடலும் ஒருங்கிணைத்தலுமே. களத்தில் மண்ணை அகழ்வோரும் படகு செலுத்துவோரும் பெரும்பாலும் முப்படையினரும் பொலிஸாருமே. தீயணைப்புப் படைகளோ பெரும்பாலும் பெரிய நகரங்களின் மாநகர சபைகளைச் சார்ந்தவை. எனவே, அமெரிக்காவும் யப்பானும் தமது மீட்பு அணிகளை எதன்மேற் கட்டியெழுப்பினவோ அந்த உள்ளூர் அடித்தளம் நமது கிராமப்புறங்களிலும் மலைநாட்டிலும் மிக நலிந்தே காணப்படுகிறது.

நிதி ஏற்பாடுகளிலும் இப்போக்கைக் காணலாம். 2014 இல் உலக வங்கியுடன் 10.2 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான முன்னேற்பாட்டுக் கடன் ஒன்று செய்துகொள்ளப்பட்டு, 2016 மே மாத வெள்ளத்தின் பின்னர் பெறப்பட்டது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக இயற்கை அனர்த்தக் காப்புறுதியும் 2016 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. ஆனால் இவ்விரண்டும் அனர்த்தம் நிகழ்ந்த பின்னர் திறைசேரியையும் பாதிக்கப்பட்டோரையும் தாங்கும் ஏற்பாடுகள். அனர்த்தம் நிகழும் வேளையில் மண்ணுக்குட் கிடப்பவருக்கு இவற்றால் ஆவது யாதுமில்லை.

மலையகத்தின் நிலையை இங்கு தனியே எடுத்துரைத்தல் அவசியம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மாற்றிடம் வழங்கப்படவில்லை. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டுப் பின்னர் பெருமளவு குறைக்கப்பட்டது. எத்தனை பேர் அங்கு வாழ்ந்தனர் என்ற கணக்கே உடனடியாகக் கைக்கு எட்டாத நிலையில், எங்கு எவரைத் தேடுவது என்பதை மீட்பணி எவ்வாறு அறியும்? 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் மண்சரிவு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த வெள்ளத்திலும் மண்சரிவுகளிலும் 600 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. இந்தியத் தேசிய மீட்புப் படை உட்பட வெளிநாட்டு அணிகள் வந்துதவின. வீதிகள் துண்டிக்கப்பட்ட இடங்களில் முதலில் மண்வெட்டி எடுத்தவர்கள் அயலவர்களே.

தோட்டங்களில் இந்நலிவுக்குச் சட்டக் காரணம் ஒன்றும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தெரிந்த சபையே அவர்தம் லயன் வரை ஒரு பாதையை அமைக்க இயலாதிருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே இத்தடை நீங்கியது. முப்பது ஆண்டுகளாகப் பாதை அமைக்கப்படாத இடத்திற்கு மண்சரிவு நாளில் மீட்பு வாகனம் எவ்வழியாகச் செல்லும் என்பதை நாம் சிந்திக்கவேண்டும். அனர்த்தம் இயற்கையினால் நேரலாம். அதில் மாள்வோர் யார் என்பதை நிர்ணயிப்பதில் நிலவுடைமைக்கும் சட்டத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

மொழிப் பிரச்சினையும் இதனோடு இணைந்ததே. இடிபாட்டின் அருகே நின்று குரல் கொடுத்து, பின்னர் அனைவரும் மௌனமாகி மறுமொழிக்குச் செவிமடுத்தல் மீட்பின் அடிப்படை முறைகளுள் ஒன்று. உள்ளே கிடப்பவரின் மொழி அறியாதவர் இதனைச் செவ்வனே செய்தல் அரிது. டித்வாவின்போது தமிழ்மொழி மூலமான எச்சரிக்கைகள் குறைவாகவும் காலந்தாழ்த்தியும் வந்தன என முறைப்பாடுகள் எழுந்தமை அனைவரும் அறிந்ததே.

6. சில முடிவுகள்

முப்படைகள் இருக்க, தனியான பிராந்திய அணிகள் எதற்கு என்ற வினா எழலாம். இராணுவத்தின் ஆட்பலமும் பாலம் அமைக்கும் திறனும் வானூர்தியும் தேவையானவையே. அவற்றை எவரும் மறுக்கார். ஆயின் தூரத்து முகாமிலிருந்து வருபவர் அயலவரின் பெயரையும் ஒற்றையடிப் பாதையையும் அறியார். வடக்கிலும் கிழக்கிலும் சீருடையைக் கண்டதும் மக்கள் மனதில் எழும் வரலாற்று நினைவுகளையும் புறக்கணித்தல் இயலாது. மேலும், இராணுவச் செலவினத்தினுள் மறைந்துகிடக்கும் மீட்புச் செலவு, பாராளுமன்றத்தின் தனியான பரிசீலனைக்கு ஒருபோதும் வருவதில்லை.

மேற்கூறிய நாடுகளின் அனுபவத்திலிருந்து நான்கு கோட்பாடுகளை நாம் பெறலாம். முதலாவது, அணி உள்ளூரிலே நிலைகொள்ள வேண்டும். ஆயத்தச் செலவின் பெரும்பங்கை மத்திய திறைசேரி ஏற்கவேண்டும். வறிய சபையிடம் செலவை விடுதல் வறியோரின் உயிரை விலை குறைத்து மதிப்பதாகும். இரண்டாவது, அழைப்பவரே செலவை ஏற்பார் என்பது சட்டத்தில் இடம்பெற வேண்டும். மூன்றாவது, அணியினர் மீட்புக்கு மட்டும் உரியோராகவோ, தீயணைப்பைப் போன்று அதனோடு நெருங்கிய தொழிலை உடையோராகவோ இருத்தல் வேண்டும். 2008 க்கு முந்திய இந்திய அனுபவம் இதற்குச் சான்று. நான்காவது, அயலவர்க்குப் பயிற்சியும் கருவியும் வழங்குதல் வேண்டும்; பயிற்சி நாளின் கூலியும் வழங்குதல் வேண்டும். ஜேர்மனியில் 1950 முதல் இயங்கும் மத்திய தொழினுட்ப உதவிச் சேவை பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டது. அவர்கள் பணிக்குச் செல்லும் நாட்களில் தொழில்தருநர் சம்பளத்தைத் தொடர்ந்து வழங்குவார். அதனை அரசிடமிருந்து அவர் மீளப்பெறலாம். நாட்கூலியில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் கரைவலை இழுக்கும் மீனவரையும் ஊதியமின்றிப் பயிற்சிக்கு வருமாறு அழைப்பது, வராதிருக்குமாறு சொல்வதற்குச் சமம்.

மண்சரிவைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கட்டட இடிபாட்டில் காற்று நிற்கும் இடைவெளிகள் இருக்கும். ஈரமண்ணில் அவை அரிது. எவ்வளவு சிறந்த அணியாயினும் மண்ணுட் புதைந்தோருள் மிகச் சிலரையே உயிருடன் மீட்கும். ஆதலால் மலைநாட்டில் மீட்பு அணியின் தலையாய பணி, சரிவு நிகழுமுன்னர் மக்களை வெளியேற்றுவதே. அதற்கும் அதே அணி, அதே வாகனம், அதே மொழியறிவு, அதே குடும்பப் பதிவேடு வேண்டும். வெளியேறுவோர் சென்று தங்க உறுதியான இடமும் வேண்டும். இரு முறை எச்சரிக்கப்பட்ட மீரியபெத்தையில் இல்லாதிருந்தவை இவையே.

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் அனர்த்த நிவாரணத்துக்கான தொகை பற்றி உறுப்பினர் பலர் பேசுவர். அவ்வேளையில் மற்றொரு வினாவையும் கேட்குமாறு பல்கலைக்கழகத்தாரும் தொழிற்சங்கத்தினரும் வற்புறுத்தவேண்டும்: பதுளையிலும் நுவரெலியாவிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் இன்றிரவு அழைத்தால் புறப்படக்கூடிய மீட்பணியினர் எத்தனை பேர், அவர்களின் அடுத்த மாதச் சம்பளம் எந்தத் தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டுள்ளது? இதற்கு விடை எண்களால் அமைதல் வேண்டும். அந்த எண்களைக் கேட்டுப் பெறுவதும், ஆண்டுதோறும் ஒப்பிட்டு மக்கள் முன் வைப்பதும் ஆய்வாளரின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம்.